கட்சிக்கு ஒரு முகம்

பிரெஞ்சு ஜனாதிபதித் தேர்தலின் முதல் சுற்று முடிவு வந்த ஞாயிற்றுக்கிழமை மதியம், சண்முகப்ரியா தன் முதலாளி வீட்டு வரவேற்பறையில் காகிதத் தட்டோடு நின்றுகொண்டிருந்தாள். பிரின்ஸ்டனில் மதியம் இரண்டு மணி, பாரிஸில் இரவு எட்டு. டிவியில் கணிப்பு வரத் தொடங்கியதும் அறையில் இருந்த இருபது பேரும் பேச்சை நிறுத்தினார்கள். இரண்டு பேர் இரண்டாம் சுற்றுக்குப் போயிருந்தார்கள்: பதவியில் இருப்பவர், அவரை எதிர்த்து நின்ற தீவிர வலதுசாரிக் கட்சியின் பெண் வேட்பாளர். தங்கள் கட்சியின் வேட்பாளரைத் தேடுவதற்குத் திரையின் அடிவரை கண்ணை இறக்க வேண்டியிருந்தது. எத்தனையோ வருடம் பிரான்சை ஆண்ட பழைய கட்சி அது. அதற்கு ஐந்து சதவீதம்கூட வரவில்லை.

வயதான ஒரு பெண்மணி கைக்குட்டையை எடுத்தார். முதலாளி வாலெத் எழுந்து டிவி சத்தத்தைக் குறைத்தார். பிறகு திரும்பி, யாரையோ தேடுவதுபோல அறையைப் பார்த்தார். அவர் பார்வை வந்து நின்றது சண்முகப்ரியாவிடம்.

ழெரார் வாலெத்துக்குப் பிஸ்கட்டவேயில் ஒரு சிறிய கம்பெனி இருந்தது. மருந்துத் தொழிற்சாலைகளில் இயந்திரங்களும் மென்பொருளும் விதிப்படி ஓடுகின்றனவா என்று சோதித்துச் சான்று கொடுக்கும் கம்பெனி. நியூ ஜெர்சியில் வாழும் பிரெஞ்சுக்காரர்களுக்கான கட்சிக் கிளைக்கும் அவர்தான் தலைவர். சண்முகப்ரியா கம்பெனியில் மேலாளர், கிளையில் செயலாளர். முதல் வேலைக்கு அவள் விண்ணப்பம் போட்டிருந்தாள். இரண்டாவதற்குப் போடவில்லை. மூன்று வருடங்களுக்கு முன் ஒரு மதியம் அவர் அவள் மேசைக்கு வந்து, உங்களுக்குத்தான் பிரெஞ்சு இலக்கணம் எங்கள் எல்லாரையும்விட நன்றாகத் தெரியுமே என்று சிரித்தார். மறுநாள் மின்னஞ்சலில் அவள் பெயருக்குக் கீழே செயலாளர் என்று இருந்தது.

அவள் புதுச்சேரிக்காரி. கொள்ளுத்தாத்தா பிரெஞ்சுப் படையில் சிப்பாயாக இருந்தவர். அந்த வழியில் குடும்பத்தில் எல்லோருக்கும் பிரெஞ்சுக் குடியுரிமை. அவளும் பிறந்ததிலிருந்தே பிரெஞ்சுக்காரிதான். ஆனால் பிரான்சில் அவள் மொத்தமாக இருந்தது இரண்டு கோடை விடுமுறைகள். அமெரிக்காவுக்கு அவளைக் கூட்டி வந்ததும் அந்தப் பாஸ்போர்ட்தான். பிரெஞ்சு முதலாளி ஒருவர் இங்கே கம்பெனி நடத்தினால், பிரெஞ்சுக் குடிமக்களை வேலைக்குக் கொண்டுவர ஒரு தனி விசா உண்டு. அந்த விசாவில் வந்தவர் அந்தக் கம்பெனியில் மட்டுமே வேலை செய்ய முடியும். இரண்டு வருடத்துக்கொரு முறை கம்பெனி கையெழுத்துப் போட்டு நீட்டிக்க வேண்டும். கிரீன் கார்டுக்குப் போனால் பாஸ்போர்ட்டைப் பார்க்க மாட்டார்கள், பிறந்த நாட்டைத்தான் பார்ப்பார்கள். பிறந்தது இந்தியாவில் என்பதால் இந்தியர்களின் வரிசையில், எப்போது முடியும் என்று யாருக்கும் தெரியாத அந்த வரிசையில்தான் நிற்க வேண்டும். கணவன் முகிலன் கடலூர்க்காரன், இந்தியக் குடிமகன். ஜெர்சி சிட்டியில் ஒரு வங்கியின் ஐடி பிரிவில் அவன் பார்க்கும் வேலை அவள் விசாவைப் பிடித்துக்கொண்டுதான் நின்றது. மகள் அதிதிக்குப் பதினேழு வயது. இருபத்தொன்று ஆனால் அவளுக்கும் இந்த விசாவில் இடமில்லை.

செவ்வாய்க்கிழமை வாலெத் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். தீவிர வலதுசாரிக்கு ஒரு ஓட்டும் போகக் கூடாது என்று பாரிஸில் கட்சித் தலைமை அறிவித்திருந்தது. அதை ஏற்காதவர்களும் கட்சிக்குள் பலர் இருந்தார்கள், அவர்களில் வாலெத்தும் ஒருவர். செத்துப்போன கட்சி எனக்குக் கட்டளை போடுகிறது என்றார். அந்தப் பெண் வேட்பாளருக்கே ஓட்டுப் போடச் சொல்லி, கிளையின் சார்பில் ஒரு வீடியோ வெளியிடப் போவதாகச் சொன்னார். இரண்டு நிமிடம்தான். பேச வேண்டியது அவள்.

தலைவர் நீங்கள்தானே, நீங்களே பேசலாமே என்று அவள் கேட்டாள்.

வாலெத் கோபப்படவில்லை. "நான் பேசினால் என்ன நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும், ப்ரியா. அறுபது வயது வெள்ளைக்காரன், இனவெறியன் என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். நீங்கள் பேசினால் யாரும் அப்படிச் சொல்ல முடியாது" என்றார். பேச வேண்டியதை எழுதியே வைத்திருந்தார். அந்தத் தாளை அவளிடம் நீட்டிவிட்டு, ஆகஸ்டில் உங்கள் விசா முடிகிறதே, நீட்டிப்புக் காகிதங்களை வக்கீலுக்குச் சீக்கிரம் அனுப்பிவிட வேண்டும் என்றார். இரண்டையும் அவர் சேர்த்துச் சொல்லவில்லை. ஒன்றை முடித்துவிட்டுத்தான் அடுத்ததைச் சொன்னார். மிரட்டினார் என்று அவளால் யாரிடமும் சொல்ல முடியாது.

வீட்டில் முகிலன் தாளை வாங்கிப் பார்த்தான். அவனுக்குப் பிரெஞ்சு தெரியாது. என்ன எழுதியிருக்கிறது என்று அவள் சொல்லச் சொல்லக் கேட்டான். பிறகு வெகுநேரம் பாத்திரம் கழுவினான்.

"ரெண்டு நிமிஷம் பேசிட்டு வந்துடு ப்ரியா. எத்தனை பேரு பாக்கப் போறாங்க? எக்ஸ்டென்ஷன் ஃபைல் பண்ற நேரத்துல போய் அந்த ஆளுகிட்ட முட்டிக்கணுமா? அதிதிக்கு இன்னும் ஒரு வருஷம் ஸ்கூல் இருக்கு."

அவன் சொன்னதில் தப்பு எதுவும் அவளுக்குத் தெரியவில்லை. தெரியாததுதான் அவளுக்கு எரிச்சலாக இருந்தது.

பிரான்சில் இருக்கும் தம்பி இனியனுக்குப் போன் செய்தாள். பாரிஸுக்கு வெளியே சார்செலில் குடியிருந்தான், பஸ் ஓட்டினான். அந்தக் கட்சி வந்தால் முதலில் அடிபடப்போவது அவன்தான் என்று அவள் நினைத்திருந்தாள். வேண்டாம் அக்கா, நம்ம ஆளுங்களுக்கு எதிரா நீ பேசாத என்று அவன் ஒரு வார்த்தை சொன்னால் போதும். அதைப் பிடித்துக்கொண்டு வாலெத்திடம் முடியாது என்று சொல்லிவிடலாம்.

அவன் சிரித்தான். "அக்கா, நானே போன தடவையும் அந்தம்மாவுக்குத்தான் போட்டேன். நம்ம என்ன போட்ல வந்தவங்களா? நம்ம பேப்பரோட வந்தவங்க. என் பஸ்ல ராத்திரி ஏறுற கும்பல நீ ஒரு நாள் வந்து பாரு, அப்புறம் பேசு." அவளைச் சும்மா பயப்படாமல் பேசச் சொன்னான். வீடியோ வந்ததும் தனக்கு அனுப்பவும் சொன்னான்.

வெள்ளிக்கிழமை, கம்பெனியின் கூட்ட அறையில் திரைச்சீலையை இழுத்துவிட்டு, வாலெத்தே தன் போனை முக்காலியில் வைத்துப் பதிவு செய்தார். அவள் நீலப் புடவை கட்டியிருந்தாள். புடவை கட்டி வாருங்கள் என்று அவர்தான் சொல்லியிருந்தார். நான் பொண்டிச்சேரியில் பிறந்த பிரெஞ்சுப் பெண் என்று தொடங்கினாள். என் குடும்பம் இந்தக் கொடிக்காகப் போரிட்டது. அதுவரை சரளமாக வந்தது. வரிசையில் நிற்காமல் உள்ளே நுழைகிறவர்களுக்குப் பிரான்ஸ் கடன்படவில்லை என்ற வரி வந்தபோது நாக்கு புரளவில்லை. மறுபடி ஆரம்பிக்கலாம் என்று வாலெத் பொறுமையாகச் சொன்னார். இரண்டாம் முறையும் அதே இடத்தில் நின்றாள். மூன்றாம் முறை முழுதாகச் சொல்லி முடித்தாள். அவர் அவளுக்குக் குடிக்கத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

பார்த்தவர்கள் கொஞ்சப் பேர் இல்லை. அந்தக் கட்சியின் ஆதரவாளர்கள் அதை எடுத்துப் பரப்பினார்கள். ஞாயிற்றுக்கிழமைக்குள் பிரான்சில் லட்சம் பேர் பார்த்துவிட்டார்கள். இனியன் அதைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டான், சித்தப்பாக்கள் கைதட்டும் படங்கள் அனுப்பினார்கள். அதிதி தன் அறையிலிருந்து போனோடு வந்து அம்மாவின் எதிரில் உட்கார்ந்தாள். பள்ளியில் அவள் பிரெஞ்சு படித்தாள்.

"அம்மா, டு யூ பிலீவ் எனி ஆஃப் திஸ்?" என்றாள்.

இல்லை என்று சண்முகப்ரியா சொன்னாள். மகள் எழுந்து போய்விட்டாள். திட்டியிருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருக்கலாம்.

அடுத்த நாள் சாயங்காலம் கீழ்வீட்டுப் பத்மராணி ஆன்ட்டி கதவைத் தட்டினார். யாழ்ப்பாணத்துக்காரர், மகள் ரூபிகாவோடு அதே அபார்ட்மென்டில் பத்து வருடமாக இருக்கிறார். அதிதி சின்னவளாக இருந்தபோது பள்ளி விட்டு வந்ததும் அவர் வீட்டில்தான் இருப்பாள். அவருடைய மகன் ஷாந்தன் பாரிஸில் இருந்தான். அகதி அந்தஸ்து கேட்டு ஒருமுறை மறுக்கப்பட்டு, மேல்முறையீட்டு மன்றத்தின் தேதிக்காகக் காத்திருந்தான். ஆன்ட்டியைப் பார்த்ததும் சண்முகப்ரியா, என்ன சொன்னாலும் வாங்கிக்கொள்வது என்று கதவை முழுதாகத் திறந்தாள்.

ஆன்ட்டி கையில் ஒரு டப்பாவில் பிட்டு இருந்தது. அதை மேசையில் வைத்துவிட்டு, சோபாவின் நுனியில் உட்கார்ந்தார்.

"பிள்ளை, உன்ர வீடியோவை ஷாந்தன் அனுப்பினவன். நீ பிரெஞ்சில கதைச்சது எனக்கு விளங்கேல்லை. பெரிய ஆக்களோட இருக்கிறாய் எண்டு மட்டும் விளங்கினது" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "அவை வந்தா பேப்பர் இல்லாத பெடியளைத் திருப்பி அனுப்பிப்போடுவினமாம். நீ உங்கட ஆக்களிட்ட ஷாந்தன்ர பேரை ஒருக்காச் சொல்லி வையன். வேற ஒண்டும் வேண்டாம்."

எனக்கு அங்கே யாரையும் தெரியாது, முதலாளி எழுதிக் கொடுத்ததை வாசித்தேன் என்று சண்முகப்ரியா சொன்னாள். ஆன்ட்டி தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். போகும்போது அவள் கையைப் பிடித்து, யோசித்துப் பார், அவசரமில்லை என்றார். அவர் நம்பவில்லை. உதவி செய்ய விருப்பமில்லாமல் தட்டிக்கழிக்கிறாள் என்று நினைத்துக்கொண்டார். ஆனாலும் கோபித்துக்கொள்ளவில்லை. அன்று இரவு சண்முகப்ரியா பிட்டைத் தொடவில்லை. முகிலனும் அதிதியும் சாப்பிட்டார்கள்.

அமெரிக்காவில் இருக்கும் பிரெஞ்சுக்காரர்களுக்கு இரண்டாம் சுற்று ஒருநாள் முன்னதாக, சனிக்கிழமையே வந்துவிடும். நியூயார்க்கில் ஒரு பள்ளி அரங்கில் ஓட்டுச்சாவடி. கட்சியின் சார்பில் மேசையில் உட்கார்ந்து பெயர்களைச் சரிபார்க்கும் பொறுப்பு செயலாளருக்கு. பகல் முழுக்க அவள் அங்கே இருந்தாள். சிலர் அவளை அடையாளம் கண்டுகொண்டார்கள். கோட்டு அணிந்த ஒருவர் வரிசையிலிருந்து குனிந்து, துணிச்சலாகப் பேசினீர்கள் மேடம் என்று கைகுலுக்கினார். கொஞ்ச நேரம் கழித்து வந்த ஒரு கறுப்பின இளைஞன் தன் அடையாள அட்டையை அவளிடம் கொடுக்காமல் பக்கத்தில் இருந்தவரிடம் கொடுத்தான். தன் முறை வந்தபோது அவள் மறைப்புக்குள் போய், பதவியில் இருப்பவரின் பெயர்ச் சீட்டை உறையில் போட்டாள். வெளியே வந்து மறுபடி அதே நாற்காலியில் உட்கார்ந்தாள்.

பதவியில் இருந்தவரே ஜெயித்தார்.

பழைய கட்சிக்குள் சண்டை அதற்குப் பிறகுதான் முற்றியது. யாரால் தோற்றோம், யார் யாரோடு போகப் பார்த்தார்கள் என்று தலைவர்கள் டிவியில் ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டார்கள். கட்டளையை மீறிய கிளைகளை விசாரிக்கப்போவதாகத் தலைமை அறிவித்தது. வெளிநாட்டுக் கிளைகளில் அதிகம் பேர் பார்த்தது சண்முகப்ரியாவின் வீடியோதான். மே மாதம் அவளுக்கு அழைப்பு வந்தது. வீடியோ காலில் இரண்டு பேர் கேள்வி கேட்பார்கள்.

வாலெத்துக்கும் அது தெரிந்திருந்தது. விசாரணைக்கு முதல் நாள் அவள் மேசையருகே நின்று, உண்மையைச் சொல்லுங்கள் ப்ரியா, யாரும் உங்களைக் கட்டாயப்படுத்தவில்லை என்பதுதானே உண்மை என்றார். உங்கள் காகிதங்கள் திங்கட்கிழமை வக்கீலுக்குப் போகின்றன என்றும் சொன்னார்.

அலுவலகத்தில் பேச முடியாது என்று அவள் கார் நிறுத்துமிடத்தில் தன் காருக்குள் உட்கார்ந்து, போனை ஸ்டீயரிங்கில் சாய்த்து வைத்துக்கொண்டாள். வெயிலுக்குக் கண்ணாடியை இறக்கினால் பேச்சு வெளியே கேட்கும் என்று ஏற்றியே வைத்திருந்தாள். திரையில் நரைத்த தாடிக்காரர் ஒருவரும், இளம் பெண் ஒருத்தியும். மரியாதையாகப் பேசினார்கள். வீடியோவில் பேசியது உங்கள் கருத்தா என்று கேட்டார்கள். இல்லை என்றாள். யாராவது கட்டாயப்படுத்தினார்களா?

"இல்லை. அவர் கேட்டார். நான் மறுக்கவில்லை."

"ஏன் மறுக்கவில்லை, மேடம்?"

"அவருடைய கம்பெனியை விட்டால் நான் இந்த நாட்டை விட வேண்டும்."

அந்தப் பெண் தட்டச்சு செய்வதை நிறுத்தினாள். அப்படியானால் நிர்ப்பந்தம் என்று எழுதிக்கொள்ளலாமா என்று தாடிக்காரர் கேட்டார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வாலெத் கட்டடத்திலிருந்து இறங்கி வந்து, போனில் பேசியபடி தன் காரை நோக்கிப் போனார். அவளைப் பார்த்துக் கையை உயர்த்தினார். அவளும் உயர்த்தினாள். நான் சொன்னதை மட்டும் எழுதுங்கள், வேறு பெயர் வைக்க வேண்டாம் என்று போனிடம் சொன்னாள்.

விசாரணை முடிந்தது என்று அவள் நினைத்தபோது தாடிக்காரர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். கட்சி இப்போது கஷ்டமான நிலையில் இருக்கிறது என்றார். அடுத்த மாதம் நாடாளுமன்றத் தேர்தல். தன் தவறை உணர்ந்து தீவிர வலதுசாரியை மறுப்பதாக அவள் ஒரு சிறிய வீடியோ பேசிக் கொடுத்தால் நன்றாக இருக்கும். எழுத்து வேலையைத் தாங்களே பார்த்துக்கொள்வார்கள். "உங்களைப் போன்ற ஒருவர் சொன்னால் மக்கள் கேட்பார்கள்" என்றார்.

அவளுக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. பிறகு காருக்குள் மூச்சு முட்டியது.

"முடியாது" என்றாள். காரணம் கேட்டார்கள். காரணம் எதுவும் சொல்லாமல் மறுபடி முடியாது என்றாள். அழைப்பை முடித்துவிட்டுக் காரின் கதவைத் திறந்துவைத்தாள். இந்தத் தேர்தல் தொடங்கியதிலிருந்து அவள் ஒருவரிடம் முடியாது என்று சொன்னது அதுதான் முதல் தடவை. எதிரில் இருந்தவர்களால் அவளை ஒன்றும் செய்ய முடியாது என்பதால் அது சுலபமாக வந்ததா என்ற எண்ணமும் கூடவே வந்தது.

கட்சி நீக்குவதற்குள் வாலெத்தே விலகிவிட்டார். கிளையில் பாதிப்பேர் அவரோடு போனார்கள், மீதிப்பேர் எங்கேயும் போகாமல் நின்றுவிட்டார்கள். கிளை அதோடு முடிந்தது. விசாரணையில் அவள் சொன்னது வார்த்தைக்கு வார்த்தை அவருக்குப் போயிருந்தது. திங்கட்கிழமை அவர் கூப்பிட்டனுப்பியபோது, முகிலனுக்கு ஒரு மெசேஜ் போட்டுவிட்டுத்தான் அவர் அறைக்குள் போனாள். வேலை போய்விட்டது என்றே நினைத்திருந்தாள். அவர் காகிதங்களில் கையெழுத்துப் போட்டு உறையில் வைத்துக்கொண்டிருந்தார். நிர்ப்பந்தம் என்று எழுத வேண்டாம் என்றீர்களாமே, நன்றி என்றார். புதிய அமைப்பொன்றைத் தொடங்குகிறோம், அதற்கும் ஒரு செயலாளர் வேண்டும் என்றார்.

வேறு யாரையாவது பாருங்கள் என்று அவள் சொன்னாள். இந்த முறை அது சுலபமாக வரவில்லை.

"யோசியுங்கள். அவசரமில்லை" என்றார் வாலெத். வீடியோவை எடுத்துவிட முடியுமா என்று கேட்டாள். தேர்தல்தான் முடிந்துவிட்டதே, இனி அதை யார் பார்க்கப்போகிறார்கள் என்றார். எடுக்கவில்லை. ஜூலையில் அவள் விசா இன்னும் இரண்டு வருடத்துக்கு நீண்டது. முகிலன் கேக் வாங்கி வந்தான். அவனைச் சொல்லிக் குற்றமில்லை என்று அவளும் ஒரு துண்டு எடுத்துக்கொண்டாள்.

அதற்கு அடுத்த வாரம் ஒரு காலையில், வேலைக்குக் கிளம்பும் முன், அவளே கீழே இறங்கிப் பத்மராணி ஆன்ட்டி வீட்டுக்குப் போனாள். ஷாந்தனின் வழக்கு எண்ணைக் கேட்டு வாங்கிக்கொண்டு, அவர் சமையலறையிலேயே உட்கார்ந்து மேல்முறையீட்டு மன்றத்தின் அலுவலகத்துக்குப் போன் போட்டாள். பாரிஸில் அப்போது மதியம். நெடுநேரம் பாட்டு ஓடியது. பிறகு ஒரு பெண் எடுத்தாள். பிரெஞ்சில் கேட்டதற்குப் பிரெஞ்சில் பதில் வந்தது: செப்டம்பரில் விசாரணைத் தேதி போட்டிருக்கிறார்கள், அறிவிப்பு பழைய முகவரிக்குப் போய்விட்டது. சண்முகப்ரியா அங்கேயே ஷாந்தனுக்குப் பேசி, வக்கீலிடம் சொல்லி முகவரியை மாற்றச் சொன்னாள்.

பத்மராணி கண்ணைத் துடைத்துக்கொண்டார். "ஒரு வருசமா ஒருத்தரும் பதில் சொல்லேல்லை. நீ கதைச்சபடியால்தான் சொன்னவை."

"யார் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பாங்க ஆன்ட்டி. எனக்கு அங்க யாரையும் தெரியாது. நான் அந்தக் கட்சியிலயே இல்ல."

"அப்பிடித்தான் நீ சொல்லவேணும் பிள்ளை. எனக்கு விளங்குது" என்று ஆன்ட்டி அவள் தோளைத் தட்டினார்.

அந்தச் சனிக்கிழமை கோயிலிலிருந்து இரண்டு பெண்களை ஆன்ட்டி மேலே கூட்டிவந்தார். ஒருவருக்குத் தம்பி பாரிஸில், இன்னொருவருக்கு மகன் லியோனில். இருவரும் சண்முகப்ரியாவைப் பார்த்து நின்றபடியே பேசினார்கள். நீங்கள் நினைக்கிற ஆள் நானில்லை என்று அவள் மறுபடி சொன்னாள். அவர்கள் பணிவாகத் தலையாட்டினார்கள். அவர்களை உட்காரச் சொல்லி, வழக்கு எண்களைக் கேட்டாள். அதிதி அறையிலிருந்து வந்து, தன் லேப்டாப்பை அம்மாவின் பக்கத்தில் வைத்துத் திறந்தாள்.